கார்டு வரையாமல் விட்ட வானம்

இந்த மன்றத்தின் தலைமையை மாண்போடு ஏற்றிருக்கும் பெரியவர் நெய்னா முகம்மது அவர்களே! மாலை முழுவதும் மேடையில் மல்லுக்கட்டி, இன்னும் முறைத்துக்கொண்டே அமர்ந்திருக்கும் இளம் பேச்சாளர்கள் அக்ஷய், சம்யுக்தா அவர்களே! அபுதாபியிலிருந்தும் அஜ்மானிலிருந்தும் அலுப்புப் பாராமல் வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! ஆறு நாள் டியூட்டி பார்த்துவிட்டு, ஏழாம் நாள் துவைக்க வேண்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் என் தோழர்களே! பர் துபாயில் பதினோரு ஆண்டுகளாகக் கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டிப் பிழைக்கும் விஜயபாஸ்கரின் பணிவான வணக்கம்.

தலைப்பைப் பார்த்தீர்களா? விளையாட்டுகள் வேகமாக ஓடுவதற்காகக் கிராபிக்ஸ் கார்டின் டிரைவரைத் திருத்துவது திறமையா, திருட்டா? இதற்குத் தீர்ப்பு சொல்ல என்னை நிறுத்தியிருக்கிறார்கள். என்னம்மா? டிரைவர் என்றால் யார் என்று கேட்கிறீர்களா? இவர் லைசென்ஸ் வாங்கிய டிரைவர் இல்லை அம்மா. கம்ப்யூட்டரில் படம் வரைகிற அட்டை ஒன்று உண்டு. எதை, எப்படி வரைய வேண்டும் என்று அந்த அட்டைக்குச் சொல்லிக்கொடுக்கிற மென்பொருள்தான் டிரைவர். புரிந்ததா? புரியாவிட்டாலும் தலையாட்டுகிறீர்கள், உங்கள் நல்ல மனதுக்கு நன்றி!

அக்ஷய் என்ன சொன்னார்? "அங்கிள், ஒவ்வொரு கேமையும் படிச்சுப் பார்த்து டிரைவரைத் தயார் பண்றாங்க. எக்ஸாமுக்கு ப்ரிப்பேர் பண்றது சீட்டிங்கா?" என்றார். கைதட்டினீர்கள். சம்யுக்தா எழுந்தார். "ப்ரிப்பேர் பண்ணலாம். கொஸ்டின் பேப்பரை முன்னாடியே வாங்கிட்டு வந்தா?" என்று கேட்டார். அதற்கும் கைதட்டினீர்கள்! நீங்கள் இரண்டு பக்கமும் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நான் எங்கே போவேன்?

ஆறு ஆண்டு பின்னால் போகிறேன்.

இரண்டாயிரத்து மூன்று. இதே துபாய், இதே கராமா. மெட்ரோ ஓடாத கராமா. எத்தனை பேர் அந்த அறையில்? எட்டுப் பேர்! எத்தனை கட்டில்? நான்கு இரட்டைக் கட்டில்! எத்தனை கம்ப்யூட்டர்? ஒன்றே ஒன்று! மானிட்டரை இருவர் சேர்ந்து மூன்று மாடி தூக்கினோம். வைக்க மேசை இல்லை. லீவுக்குப் போக மணிமாறன் வாங்கி வைத்திருந்த பெட்டியின் மேல் வைத்தோம். அவர் லீவு ரத்தானதும் வருத்தப்பட்டாரோ இல்லையோ, நாங்கள் மகிழ்ந்தோம்! அதோ, மூன்றாவது வரிசையில் சிரிக்கிறாரே, அவர்தான் மணிமாறன்.

வெள்ளிக்கிழமை மதியம் வந்தால் அந்த அறை திருவிழாவாகிவிடும். கார்ப் பந்தயம் ஓட்டாத கை உண்டா? சுவரில் மோதாத வண்டி உண்டா? அந்தச் சிரிப்பை இன்றைக்கு எந்த வில்லாவில் கேட்க முடியும், சொல்லுங்கள்! எனக்கு இன்னும் ஏக்கமாக இருக்கிறது.

எங்களுக்கு மேல்மாடி அறையில் கீழக்கரை முகம்மது சித்தீக். கடையில் சுமை இறக்கும் வேலை. ஆனால் கம்ப்யூட்டர் என்றால் உயிர். கெட்டுப்போனதைக் கழற்றிக் கழற்றித் தானே கற்றவன். தன் அறைக்கு வேறு கம்பெனிக் கார்டு ஒன்றைத் தானே தேர்ந்து மாட்டியிருந்தான். யார் கார்டு உசத்தி என்று பந்தயம். வேகத்தை அளக்கிற சோதனை மென்பொருள் ஒன்றை ஓட்ட வேண்டும். எண் குறைந்த அறை, ஒரு மாதம் வெள்ளிக்கிழமைச் சமையலை இரண்டு அறைக்கும் செய்ய வேண்டும்.

நான் முந்தின நாள்தான் புது டிரைவரைச் சிடியில் கொண்டுவந்திருந்தேன். ஜும்ஆ தொழுகை முடிந்து சித்தீக் வந்தான். ஓட்டினோம். திரையில் ஒரு விமானம் மலைகளுக்கு நடுவே பறந்தது. எங்கள் எண் எகிறியது! வென்றோம்! குதித்தோம்! "பாய், கரண்டியைப் பிடி, இதெல்லாம் உனக்கெதுக்கு?" என்று கேலி செய்தோம். அதில் உரக்கக் கத்திய குரல் என்னுடையது.

தோழர்களே, அப்போது நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையில் ஒரு டெக்னீசியன் வேலை காலி. சித்தீக்கைக் கூட்டிவருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். பந்தயம் முடிந்த மறுநாள் அவன் வரவில்லை. கேட்டதற்கு, "வேண்டாம் மச்சான். ஒரு கார்டு தேர்ந்தெடுக்கத் தெரியல. எனக்கு இதெல்லாம் மாஃபி, வராது" என்றான். சும்மா சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளி ராஸ் அல் கைமா சிமெண்ட் ஆலையிலிருந்து ராக்கப்பன் அண்ணன் வந்தார். மணிமாறனுக்கு மாமா முறை. வென்ற கதையைச் சொல்லி, அந்த விமானத்தைப் பெருமையாக ஓட்டிக் காட்டினேன். அவர் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏன் தம்பி, இது எப்பவும் இந்த வழியாத்தான் போகுமா?"

"ஆமாண்ணே."

"அப்ப அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க."

"அங்க என்னண்ணே இருக்கப் போகுது?"

"நாங்க தங்கியிருக்கிற லேபர் கேம்ப்பப் பார்க்க ஆபீசருங்க வருவாங்க தம்பி. எந்த வழியா நடப்பாங்கன்னு முன்னாடியே தெரியும். அந்த வழியில இருக்கிற செவுத்துக்கு மட்டும் வெள்ளையடிப்பாங்க, அந்த ரூம்ல மட்டும் புதுப் போர்வை. யாரும் பின்பக்கம் திரும்பிப் பார்க்கிறதில்ல. அதான் கேக்கேன்."

சோதனையை நிறுத்தி, பார்வையை நம் கையால் திருப்ப அதில் ஒரு வசதி உண்டு. சிரித்துக்கொண்டே திருப்பினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

வானம் இல்லை, ஐயா! பாதி மலை இல்லை! கிழிந்த துணி மாதிரி கோடு கோடாகத் தொங்கியது. விமானம் எந்த வழியில் போகும் என்று அந்த டிரைவருக்கு முன்பே தெரியும். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்த பக்கத்தை அது தயார்கூடச் செய்யவில்லை. பழைய டிரைவரைப் போட்டு மறுபடி ஓட்டினேன். சித்தீக்கின் எண்ணைவிட எண்ணூறு குறைவு.

மேல்மாடிக்கு எத்தனை படி? பதினெட்டே படி! ஏறிச் சொன்னேனா? சொல்லவில்லை. ராக்கப்பன் அண்ணன், "சொல்லிருங்க தம்பி" என்றார். மணிமாறனும் சொன்னார். இந்த வாரம் போகட்டும் என்றேன். வென்றவன் என்ற பெயர் அத்தனை இனித்தது. மூன்று வெள்ளி சித்தீக் வேர்க்க வேர்க்கப் பிரியாணி கிண்டினான்; நான் வெட்கமில்லாமல் இரண்டாம் தட்டும் வாங்கினேன். கடையில் வேறு ஆள் வந்துவிட்டார். நான்காம் வெள்ளிக்கு முன் சித்தீக் விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஊருக்குக் கிளம்பினான். ஏர்போர்ட்டில் அவன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது மாமாவின் மளிகைக் கடையில் நிற்கிறான். ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் செய்கிறான். ஒவ்வொரு முறையும், "உனக்கு வந்த மாதிரி நமக்குக் கம்ப்யூட்டர் வரல மச்சான்" என்கிறான். ஆறு ஆண்டாக நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

தீர்ப்பைச் சொல்கிறேன். அக்ஷய், கண்ணுக்குத் தெரியாததை வரையாமல் விடுவது குற்றமில்லை. எல்லாக் கார்டும் அதைச் செய்கிறது. விளையாட்டைப் படித்து வேகம் கூட்டுவது உழைப்பு. ஆனால் பார்க்கிறவன் திடீரென்று திரும்பினால், அங்கே வானம் இருக்க வேண்டும்! யார் சோதிக்கிறார்கள், எந்த வழியில் வருவார்கள் என்று தெரிந்துகொண்டு அதற்கு மட்டும் வேடம் போட்டால் அது திருட்டு. சம்யுக்தா பக்கமே என் தீர்ப்பு. அந்தத் திருட்டைக் கண்ணால் கண்டும் வாயை மூடிக்கொண்டவன் இருக்கிறானே, அவன் டிரைவரைவிடப் பெரிய திருடன். அவன் உங்கள் முன்னால்தான் நிற்கிறான்.

கைதட்ட வேண்டாம். மணிமாறன், எழுந்து நில்லுங்கள். அவர் கையில் இருக்கும் போனைப் பாருங்கள். நான் பேச எழுந்தபோதே கீழக்கரைக்குப் போட்டுவிட்டோம். முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறான் சித்தீக். மச்சான், அன்றைக்கு ஜெயித்தது உன் கார்டு. என்னை மன்னித்துவிடு.

மணிமாறன், சித்தீக் என்ன சொல்கிறான்? உரக்கச் சொல்லுங்கள், சபைக்கும் கேட்கட்டும்.

"அப்ப எனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாடா?" என்று கேட்கிறானாம்.

தெரியும்டா. என்னைவிட நல்லாத் தெரியும்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் தோழர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மைக்கைத் தலைவரிடம் ஒப்படைத்துவிட்டு, போனை வாங்க இறங்குகிறேன். வணக்கம்.