ஒன்பதாவது கை

— கயித்து மேல குந்தாதீங்க டீச்சரம்மா, கால சுத்திக்கும். நடுப்பலகையில குந்துங்க. மங்கை, டீச்சரப் புடிச்சுக்கோ.

— நான் யாரப் புடிச்சுக்கிறது அண்ணாத்த? நானே பலகையத்தான் புடிச்சுக்கினு கீறேன்.

— ஏன் மங்கை, நீ கடலோரத்துலயே பொறந்தவதானே? நான் வியாசர்பாடி. ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் வளந்தவ. நான் பயந்தாலாவது ஒரு அர்த்தம் இருக்கு.

— பொறந்தா இன்னா மிஸ்? எங்க ஆளுங்க பொம்பளைங்கள போட்ல ஏத்த மாட்டாங்க. கரைக்கு வர்ற மீன வாங்கிக் கூடையில வெச்சு வித்துக்கினு வர்றதோட சரி. இருபத்தஞ்சு வயசுல இன்னிக்குத்தான் மொதோ தபா ஏறிக்கிறேன்.

— அப்போ என்னால உங்களுக்கு உங்க ஆளுங்ககிட்ட பேச்சு வருமா ஜெகதீசண்ணே?

— வந்தா வரட்டும். "காலேஜு பேர மாத்தறதா வாணாமான்னு நாளைக்கு நான் கை தூக்கணும், அதுக்கு முன்னாடி அந்த ஊர ஒரு தபா பாக்கணும்"னு சொன்னது யாரு? நீங்க. ஊரு கடலுக்குள்ள கீது. போட்ல போவாம பஸ்ஸுலயா போறது?

— வேற என்ன பண்ணச் சொல்றீங்க? எட்டுப் பேரு கமிட்டி. நாலு கை மாத்தணும்னு, நாலு கை கூடாதுன்னு. மஜீது மாஸ்டர் மாத்தியே ஆகணும்ங்கிறாரு. பதுருன்னிசா டீச்சர் கூடாதுன்னு அழுதே புட்டாங்க. ஒரே வீட்டு அண்ணனும் தங்கச்சியுமே ஆளுக்கொரு பக்கம் தூக்கினீங்க. கடைசியில ஒன்பதாவது கை ரமாபாயோடதுன்னு என் தலையில கட்டிட்டாங்க.

— பிரின்சிபாலு இல்லாத காலேஜுல நீங்கதான மிஸ் பெரிய ஆளு.

— பெரிய ஆளு! ஆறு வருஷமா "ஒண்டிப்பனைக் குப்பம் சமுதாயக் கல்லூரி"ன்னு எழுதி எழுதிக் கையெழுத்துப் போடுறேன். அந்தக் குப்பம் எப்படி இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. நான் வேலைக்கு வந்தப்பவே அது இல்ல. தெரியாத ஊரு பேர நான் எந்த மொகத்தோட அழிக்கிறது?

— அழிக்கிறதுன்னு சொல்லாதீங்க மிஸ். மாத்தறோம். "வடசென்னை சமுதாயக் கல்லூரி". கேக்க எவ்ளோ டீசன்டா கீது.

— ரெண்டும் ஒண்ணுதான் மங்கை.

— உனக்கு ஒண்ணு அண்ணாத்த. சர்டிபிகேட்ட எடுத்துக்கினு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்கினவளுக்கு ஒண்ணு இல்ல.

— காலங்காத்தால பேஜாரு பண்ணாத. மோட்டர போடறேன், புடிச்சுக்கோங்க.

— யம்மாடி! யம்மாடியோவ்! இன்னா வேகம்!

— மிஸ்ஸே "இன்னா"ன்னுட்டாங்க! இன்டர்வியூல அப்படிப் பேசாதீங்கன்னு எங்கள எப்படி வெரட்டுவீங்க!

— இன்டர்வியூவுக்குத்தான் வேற பேச்சு. இங்க என்ன யாரு இன்டர்வியூ எடுக்கிறா? அங்க பாரு மங்கை, கரைய! அந்தப் பொகைபோக்கிக்குக் கீழதான் தெனம் பஸ்ஸுல போறேன், தலைய நிமித்தினா முடிவே தெரியாது. இப்போ சுண்டு விரலால மறைச்சிடலாம்.

— நானும் அதப் பாத்துக்கினுதான் வரேன் டீச்சரம்மா. அந்தப் பொகைபோக்கியும் மாதா கோயிலு சிலுவையும் ஒண்ணு பின்னால ஒண்ணா வரணும். இந்தாண்ட விம்கோ நகர் தண்ணி டேங்கும் நம்ம காலேஜு ஓட்டுக் கூரையும் ஒண்ணு பின்னால ஒண்ணா வரணும். ரெண்டும் ஒரே நேரத்துல சேந்தா, அதான் ஊரு.

— கரையப் பாத்தா கடலுக்குள்ள இருக்கிற ஊரக் கண்டுபுடிக்கிறீங்க?

— கடல்ல போர்டா நட்டு வெச்சுக்கீறாங்க? தோ, வந்துட்டோம். மோட்டர நிறுத்தறேன். மாசி மாசம், காத்து இல்ல, போட்டு ஆடாது.

— ஒண்ணுமே தெரியலையே அண்ணே. வெறும் தண்ணிதான்.

— அக்காங், தண்ணிதான். இங்க கண்ணு ஒதவாது. இந்தக் கயித்தப் புடிங்க, முனையில ஈயக் குண்டு கீது. மெதுவா உள்ள வுடுங்க. வுடுங்க, வுடுங்க. பயப்படாதீங்க, உங்கள இஸ்துக்கினு போவாது.

— போகுது... இன்னும் போகுது... ஆங், நின்னுடுச்சு.

— எப்படி நின்னுச்சு? மெத்துனா, டக்குனா?

— மெத்துனு.

— அது மண்ணு. எங்க தெரு. குண்ட நல்லா மேல தூக்கிக்கோங்க, நான் போட்ட ஒரு தள்ளு தள்றேன். இப்போ வுடுங்க.

— போகுது... அண்ணே! தட்டுது அண்ணே! இவ்ளோ மேலயே நின்னுடுச்சு. இருங்க, இன்னொரு தபா... டக்கு டக்குன்னுது!

— எங்க வூட்டு மொட்ட மாடி. எங்க நைனா தளம் போட்டது. குப்பத்துலயே மொதோ மாடி வூடு அதான். ரெண்டு வருசம் குந்தினோம், அவ்ளோதான்.

— ஒரு வீட்டு மாடி மேல ஒக்காந்திருக்கோமா நாம? கீழ ரூமெல்லாம் இருக்குமா? கதவெல்லாம்?

— கதவு கயட்டிக்கினு வந்துட்டோம். செவுரு நிக்குது. இந்தாண்ட கொஞ்சம் தள்ளிப் போனா எல்லையம்மன் கோயிலு. அந்தாண்ட வல காய வெக்கிற எடம். நூத்தி நாப்பது வூடு டீச்சரம்மா. ஒரே நாள்ல வந்து எடுக்கல. மொத வருசம் கோயிலுக்கு முன்னால கீற மண்ணு. அடுத்த வருசம் கோயிலு. அப்பால வருசத்துக்கு ஒரு தெரு. எண்பத்தொம்போதுல எங்க வூடு. எல்லாரையும் ரோட்டுக்கு அந்தாண்ட கொண்டுபோய்ப் போட்டாங்க. ரேஷன் கார்டுல வேற பேரு, ஓட்டு லிஸ்டுல வேற பேரு, பஸ் ஸ்டாப்புல வேற பேரு. ஒண்டிப்பனைக் குப்பம்னு எயுதின எடம் இந்த மெட்ராசுல ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் கீது. உங்க காலேஜு போர்டு.

— நான் அந்த போர்டத் தெனம் பாக்கிறேன் அண்ணே. பெயின்ட் உரிஞ்சுபோச்சேன்னு மட்டும்தான் நெனப்பேன். மங்கை, நீயும் இந்தக் கயித்த ஒரு தபா புடிச்சுப் பாரேன்.

— வேணாம் மிஸ். இங்க இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். பதினோரு வயசு எனக்கு. அந்த மாடியில குந்திக்கினுதான் வாய்ப்பாடு படிச்சேன். நீங்க அழுவாதீங்க. அழுதீங்கன்னா நாளைக்கு அண்ணாத்த பக்கம் கை தூக்கிடுவீங்க. என் கதையையும் கேட்டுட்டு அழுங்க.

— சொல்லு.

— மூணாவதா போன ஆஸ்பத்திரியில ஒரு சாரு சர்டிபிகேட்ட வாங்கிப் பாத்தாரு. "ஒண்டிப்பனைக் குப்பமா? அது எங்கம்மா இருக்கு?"ன்னாரு. எண்ணூர் ரோட்டுலன்னேன். யாருக்கோ போன் போட்டாரு. அந்தப் பேர்ல ஊரே இல்லன்னுட்டாங்க. "இல்லாத ஊர்ல ஏதும்மா காலேஜு, டுபாக்கூர் சர்டிபிகேட்டா?"ன்னாரு. இருந்துச்சு சார், கடல் எடுத்துக்குச்சுன்னேன். ரூம்ல கீற மூணு பேரும் சிரிச்சாங்க மிஸ். நான் ஊசி போடக் கத்துக்கினேன், பிபி பாக்கக் கத்துக்கினேன், நோயாளிய வலிக்காம பொரட்டிப் போடக் கத்துக்கினேன். ஒரு வருசம். எல்லாம் அந்தச் சிரிப்புல போயிடுச்சு.

— அப்பால நாலாவது எடத்துலதான் வேலை கெடச்சுதே. தெனம் போய்க்கினுதான கீற?

— நாலாவது எடத்துல நான் சர்டிபிகேட்டக் காட்டவே இல்ல அண்ணாத்த. கூட்டிப் பெருக்கற வேலை இருந்தாக் குடுங்கன்னு கேட்டேன். குடுத்தாங்க.

— நர்ஸ் வேலைன்னுதான எங்கிட்ட சொன்ன?

— சொன்னேன். வெள்ள டிரெஸ்ஸ பையில வெச்சுக்கினு போவேன், அங்க போய் நீலப் பொடவ கட்டிப்பேன். ஏழு மாசமா. துடைப்பம் புடிச்சுக்கினு, அங்க கீற நர்சுங்க என்னவிட மோசமா ஊசி போடறதப் பாத்துக்கினு நிக்கிறேன்.

— எங்கிட்டக்கூட சொல்லலையே மங்கை. பாஸான பொண்ணுங்க லிஸ்டுல ஒன் பேருக்கு நேரா "நர்சிங் உதவியாளர், பணியில்"னு நானே என் கையால எழுதினேனே.

— உங்களுக்கு வருத்தமா இருக்கும்னுதான் மிஸ். இப்போ சொல்லுங்க. கடலுக்குள்ள கீற மாடி பெருசா, நான் பெருசா?

— நீதான். இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. ஜெகதீசண்ணே, என்ன மன்னிச்சிடுங்க. இந்தக் கயித்தப் புடிச்ச கையாலயே சொல்றேன். நாளைக்கு மாத்தறதுக்குத்தான் தூக்கப் போறேன்.

— மன்னிப்பெல்லாம் எதுக்கு டீச்சரம்மா? ஏழு மாசமா ஒரே வூட்டுல குந்திக்கினு எனக்குத் தெரியலையே. என் தங்கச்சி கையில துடைப்பத்தக் குடுத்த பேரு எனக்கும் வாணாம். நானும் மாத்தத்தான் தூக்குவேன். அப்போ அஞ்சுக்கு மூணு, உங்களுக்கு வேலையே இல்ல.

— அண்ணாத்த, கோவமா சொல்றியா?

— ஒயுங்காத்தான் சொல்றேன். ஆனா இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க. பேர மாத்தறவங்க முயுசாப் பாத்துட்டு மாத்துங்க. புடிச்சுக்கோங்க, மோட்டர போடறேன்.

— கரையில நிக்கிற ஆளுங்களே தெரியல அண்ணே. எவ்ளோ தூரம்?

— வந்துட்டோம். டேங்கும் காலேஜும் அப்படியேதான் கீது, பாருங்க. சிலுவ மட்டும் வேற எடத்துக்குப் போயிருச்சு. இங்கதான். கயித்த மங்கை கையில குடுங்க.

— எனக்கு வேணாம்னேனே.

— இது நீ வாய்ப்பாடு படிச்ச எடம் இல்ல. புடி.

— ரொம்ப ஆயம் அண்ணாத்த. கயிறு போய்க்கினே கீது... ஆங். மெத்துனு. மண்ணு.

— தூக்கு. இருபது வயசுலேர்ந்து இங்க நான் தப்பாப் போட்டதே இல்ல, போட்ட ஒரு தள்ளு தள்றேன். இப்போ வுடு.

— போவுது... அண்ணாத்த!

— இன்னா?

— டக்குன்னுச்சு. இன்னாது இது? பாறையா?

— நம்ம கடல்ல ஏது பாற? கோயிலு. எல்லையம்மன் கோயிலு கல்மேட.

— கோயிலு அங்க கீதுன்ன, இப்போ இங்கன்ற? டபாய்க்கிறியா?

— அது நம்ம ஊரு கோயிலு. இது தாத்தா ஊரு கோயிலு. நம்ம ஊருக்கு முன்னாடி ஊரு இங்கதான் இருந்துச்சு. தாத்தா கைக்கொயந்தையா இருந்தப்பவே கடல் இத எடுத்துக்குச்சு. அம்மனத் தூக்கிக்கினு, அப்போ கரையா இருந்த எடத்துல போய் குடிசை போட்டாங்க. அதான் நாம பொறந்த ஊரு.

— அந்த ஊருக்கு என்ன பேரு அண்ணே? இங்க, நமக்குக் கீழ இருக்கிற ஊருக்கு?

— ஒண்டிப்பனைக் குப்பம்.

— அதே பேரா?

— அதே பேரு. ஊரு முயுகிடும் டீச்சரம்மா. பேர இட்டுக்கினு நடந்துருவோம்.

— இரு அண்ணாத்த. இது அம்மாவுக்குத் தெரியுமா?

— தெரியாது. கடல்ல வெச்சுத்தான் சொல்லுவாங்க, கயித்தக் கையில குடுத்துட்டு. நைனா எனக்குச் சொன்னாரு, தாத்தா நைனாவுக்குச் சொன்னாரு. கரையில சொல்ற பயக்கம் இல்ல.

— பொம்பளைங்கள போட்லயும் ஏத்த மாட்டீங்க, கரையிலயும் சொல்ல மாட்டீங்க. அப்போ ஊர்ல பாதிப் பேருக்கு ஊரு எதுன்னே தெரியாம வெச்சுக்கீறீங்க! இது தெரிஞ்சிருந்தா அந்த ஆஸ்பத்திரியில நான் தலையக் குனிஞ்சுக்கினு வந்திருப்பேனா?

— தப்புதான். அக்காங், தப்புதான் மங்கை.

— கமிட்டியில ஏன் சொல்லல நீங்க?

— ஃபேனுக்குக் கீய குந்திக்கினு, பிஸ்கட் துன்னுக்கினு கீறவங்ககிட்ட இதச் சொன்னா அந்த ஆஸ்பத்திரிக்காரங்க மாதிரிதான் சிரிப்பாங்க டீச்சரம்மா. இது கையில வந்து தட்டணும்.

— ஊரு பேர நாங்க காலேஜுக்கு வெச்சிருக்கோம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அது கடலுக்கு அடியிலேர்ந்து நடந்து வந்து எங்க ஓட்டுக் கூரைக்குக் கீழ ஏறி நிக்குது. தையல் மிஷினுக்கும் பிபி மெஷினுக்கும் நடுவுல. நான் பெயின்ட் உரிஞ்சதப் பாத்துக்கிட்டிருந்தேன்!

— மிஸ், கமிட்டியில ஒரு தபா தூக்கின கைய மாத்திக்கலாமா? ரூலு கீதா?

— நாளைக்குத்தான் கடைசி ஓட்டு. எல்லாரும் மாத்திக்கலாம். ஏன், நீ கூடாதுன்னு தூக்கப் போறியா? அப்போ ஒன் வேலை?

— சர்டிபிகேட்டுல பேரு அப்படியே இருக்கட்டும். கீழ தெரு, பின்கோடு, போன் நம்பரு எல்லாத்தையும் பெருசா அடிங்க. எவனாச்சும் போன் பண்ணா நீங்களே எடுங்க. நான் நாளைக்கே துடைப்பத்த மூலையில வெச்சுட்டு சர்டிபிகேட்ட நீட்டப் போறேன். எங்கம்மா இருக்கு இந்த ஊருன்னு கேட்டா, மூணாவது தபா கரையேறி கீது சார், வந்து பாருங்கன்னு சொல்லுவேன்.

— சிரிச்சாங்கன்னா?

— சிரிக்கட்டும் மிஸ். போட்ல ஏத்தி கயித்தக் கையில குடுக்கறேன். அண்ணாத்த, ஏத்துவ இல்ல?

— ஏத்துவேன். அம்மாவையும் ஏத்தறேன், அடுத்த வாரமே. எவன் இன்னா சொல்றான்னு பாக்கறேன்.

— அப்போ நீங்க ரெண்டு பேரும் கூடாதுன்னு. பதுருன்னிசா டீச்சரும் மத்த ரெண்டு பேரும் சேத்து அஞ்சு கை ஆச்சு. என் கை தேவையே இல்ல. இருந்தாலும் தூக்குவேன், ரெண்டு கையையும் தூக்குவேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க ஜெகதீசண்ணே. அந்த ஒண்டிப்பனை இங்கதான் நின்னுச்சா?

— எங்க தாத்தாவும் இதே எடத்துல வெச்சு, அவரு நைனாகிட்ட இதேதான் கேட்டாராம் டீச்சரம்மா. அந்தப் பெரியவரு போட்ல எயுந்து நின்னு, கரைக்கு முதுகக் காட்டிக்கினு, தோ அந்தாண்ட, இன்னும் உள்ள கீற கடல நோக்கிக் கைய நீட்டினாராம்.