பத்துக்குப் பத்தில் மிச்சம்

— இந்தப் பீரோவும் போகணும் ஜோதிகா. அந்தப் பக்கம் பிடி.

— இது இரும்புங்க. இதுல என்ன தூசி?

— அடியில இருக்கு, மேல இருக்கு, உள்ள மடிச்சு வச்ச துணியில இருக்கு. பாப்பா படுக்குற ரூம்ல பஞ்சு, தூசி ஒரு பொட்டு இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?

— சொன்னாரு. மெத்தை போச்சு, தலகாணி போச்சு, கம்பளி போச்சு. அவ கரடி பொம்மைய அழ அழப் பிடுங்கிக் குடுத்தோம். கூலிக்குப் பிசிறு வெட்டக் கொண்டாந்த பனியன் மூட்டையக்கூட இனி வேண்டாம்னுட்டேன். எங்கம்மா போட்ட சீர்ல பாக்கி இது ஒண்ணுதான்.

— குடுத்ததுல என்ன கெட்டுப் போச்சு? நீயேதான போன்ல சொன்ன புள்ள, கூட்ட ரெண்டு நிமிசம்தான் ஆகுதுன்னு. எலி ஓடிருச்சு. கால நீட்டிப் படுக்கோம். தேடுறதுக்கும் ஒண்ணுமில்ல, தொலையுறதுக்கும் ஒண்ணுமில்லன்னு சிரிச்சியே.

— பாப்பா அஞ்சு நாள் இழுப்பு இல்லாமத் தூங்குனா, சிரிச்சேன். முந்தாநேத்துல இருந்து மறுபடியும் இழுக்கு. நேத்து வாயில மருந்து அடிச்சப்புறம்தான் பேச்சே வந்துச்சு.

— அதான் சொல்லுதேன். இன்னும் ஏதோ ஒண்ணு இந்த ரூம்ல கிடக்கு.

— என்ன கிடக்கு? நல்லாச் சுத்திப் பாருங்க. அடுப்பு, நாலு ஏனம், ஒரு குடம், ரெண்டு கோரைப்பாய். இனி சுவரத்தான் பேத்தெடுக்கணும்.

— அப்பா... நெஞ்சு வலிக்கு.

— வா பாப்பா, அப்பா மேல சாஞ்சுக்க. மெதுவா மூச்சு விடு. இந்தப் பீரோ போயிருச்சுன்னா சரியாயிரும்.

— இதையே சொல்லித்தான் ஒவ்வொண்ணாத் தூக்குனீங்க.

— ஏனுங்க கண்ணு, பொழுதோட என்னுங்க சத்தம்? ஊட்டக் காலி பண்றீங்களா?

— இல்ல நஞ்சம்மாக்கா. பீரோவ வெளிய எடுக்கோம். நீங்க வீட்டுக்காரவங்க, உங்க பக்கம் ஓரமா ரெண்டு நாள் வச்சுக்கிடட்டுமா?

— எங்கூட்டுல எடமேதுங்க தம்பி. சோபாவே மூணு கெடக்குது, ஒக்காரத்தான் ஆளில்ல. ஏங்கண்ணு ஜோதிகா, புள்ளைக்கு மறுக்கா இழுக்குதா?

— ஆமாக்கா.

— போன வாரம் நல்லாத்தானுங்க இருந்துச்சு. தம்பி கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, என்ற ஊட்டு சோபா மேல ஏறி ஏறிக் குதிச்சுச்சே. அத நான் தொடைச்சு ஆறு மாசம் ஆச்சுங்க. தட்டுனா பொகையாட்டம் வரும். புள்ள ஒரு தும்மல் போடல.

— எப்பன்னு சொன்னீங்க?

— தம்பி ஊர்ல இல்லாத அஞ்சு நாளுந்தானுங்க. ஏன், என்னாச்சு?

— ஏங்க, தலையக் குனிங்க.

— என்னத்துக்கு?

— குனிங்கன்னா. காதுக்குள்ள பாருங்க. புருவத்துல. மீசையில.

— நிட்டிங் மெஷின்ல பன்னெண்டு மணி நேரம் நிக்கிறவன் மேல பஞ்சு ஒட்டாம இருக்குமா? மூஞ்சி கழுவிட்டுத்தான வாரேன்.

— முடிக்குள்ள இருக்கு. சட்டையில இருக்கு. வாசல்ல கால் வச்சதும் அவளத்தான தூக்குறீங்க. உங்க நெஞ்சு மேலதான படுக்கா. வேலைய விட்டுருங்க.

— விட்டா அவ மருந்துக்கு? ஜோதிகா, இவள வாங்கிக்க.

— மாட்டேன். அப்பாட்டதான் இருப்பேன்.

— அம்மாட்டப் போ பாப்பா. அப்பா எங்கயும் போகல, வாசல்லதான் இருக்கேன்.

— என்னங்க செய்யப் போறீங்க?

— பீரோ அங்கனயே இருக்கட்டும் ஜோதிகா. எனக்கு ஒரு பாய மட்டும் சுருட்டி வெளிய குடு.