பெத்தேலின் இரண்டு படங்கள்

– எனக்குச் சரியா ஞாபகம் இல்ல ரூத்து. தொண்ணூத்தொம்போதா, எட்டா? வெயில் காலம்னு தெரியுது. பலகை கனமா இருந்துச்சு, அது தெரியுது. மத்ததெல்லாம் நானே ஜோடிச்சுக்கிட்டேனோ என்னவோ.

– தொண்ணூத்தொம்போதுதாண்ணா. அமெரிக்காலேர்ந்து லெட்டர் வந்துச்சே. அவங்க ஊரும் பெத்தேலு, நம்முதும் பெத்தேலு. ஒலகத்துல அந்தப் பேரு வெச்ச ஊருக்கெல்லாம் எழுதுனாங்க. ஊர்ப் பலகைக்குக் கீழ ஜனங்கள நிக்க வெச்சுப் படம் அனுப்புங்க, எங்க சர்ச்சு சொவத்துல மாட்டுறோம்னு.

– நமக்குத்தான் பலகையே இல்லையே.

– இப்பவும் இல்ல. பெத்தேலுன்னு டிக்கெட் கேட்டா கண்டக்டரு முழிக்கிறான். 'காலனியா, எறங்கு'ன்றான். டீ குடிண்ணா, ஆறிப்போவுது.

– வேணாம். சீக்கிரம் போகணும். அந்த அமெரிக்கா பெத்தேல்லேர்ந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. மாமல்லபுரத்துல தங்கியிருக்காங்க. ஆபீசுக்கு போன் பண்ணி, நாளைக்கு உங்க ஊரப் பாக்க வரேன்னாங்க. உன்னைக் கேட்டா, வழி மண்ணா கிடக்கு, கார் வராதுன்னு சொல்லிடு. நான் கேளம்பாக்கத்துல என் ஃபிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்.

– ஏன்?

– நேரமாகுது, கெளம்பறேன்.

– ஏன்னு கேக்குறேன்ல.

– நான் அனுப்புன படம் இந்த ஊரு இல்ல.

– பின்ன?

– அச்சரப்பாக்கத்துல பலகை எழுத வெச்சேன். பஸ்ல தூக்கிட்டு கேளம்பாக்கம் போனேன். அப்பத்தான் அங்க புதுசா ஃபிளாட் கட்டியிருந்தாங்க. தார் ரோடு, ரெண்டு பக்கமும் பூச்செடி. அங்க நட்டேன். ஆபீஸ்ல கூட வேலை செய்யற திருநாவுக்கரசு குடும்பத்தக் கீழ நிக்க வெச்சேன். அவங்கல்லாம் நல்ல கலரு.

– நைனாவ வுட்டுட்டு. அம்மாவ வுட்டுட்டு.

– அம்மா கேட்டுச்சு ரூத்து. களையெடுத்துட்டு கால்ல சேத்தோட வந்து, 'எப்பப்பா போட்டோ, சீலை மாத்திக்கினு வரட்டா'ன்னுச்சு. கேமராவுல ஃபிலிம் இல்லன்னு சொன்னேன்.

– இது எனக்குத் தெரியாது.

– எதுவுமே உனக்குத் தெரியாது. அந்தம்மா இங்க வந்து எறங்கி, இதுதான் நீ காட்டுன ஊரான்னு கேட்டா, நான் மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்?

– பலகைய இன்னா பண்ண?

– திரும்பி வரச்சே நம்ம சவுக்குத் தோப்புல போட்டேன்.

– வெறவுக்குப் போன நைனா பாத்துச்சு. புள்ள ஊருக்காகப் பலகை எழுதியாந்துட்டு, நட நேரமில்லாம ஆபீசுக்கு ஓடிட்டான்னு நெனச்சுக்கினு தோள்ல தூக்கியாந்துச்சு. ரோட்டு முனையில நட்டுச்சு. செய்யூர் ஸ்டூடியோக்காரரக் கூட்டியாந்து மொத்தப் பேரையும் நிக்க வெச்சு, பாஸ்டராண்ட அட்ரஸ் வாங்கி அனுப்புச்சு.

– என்கிட்ட நைனா சொல்லவே இல்லையே.

– நீ வந்தாத்தான சொல்ல?

– அப்ப… அவங்ககிட்ட ரெண்டு படமும் இருக்கா?

– ஏழு வருசமா ஒரே சொவத்துல, பக்கத்துல பக்கத்துல மாட்டி வெச்சிருந்தாங்களாம்.

– உனக்கு யார் சொன்னா?

– அந்தம்மாவேதான். நாளைக்கு இல்லண்ணா, இன்னிக்குக் காலைலியே கைடு ஒருத்தரக் கூட்டிக்கினு வந்துட்டாங்க. வழி தெரியாம, நைனா அனுப்புன படத்தக் காட்டிக் காட்டி வந்து சேந்தாங்க.

– இவ்ளோ நேரம் ஏன் சொல்லல?

– நீயா சொல்றியான்னு பாத்தேன். ரெண்டு படத்தையும் குடுத்துட்டுப் போனாங்க. இந்தா.

– என்னுதப் பத்திக் கேட்டாங்களா?

– கேட்டாங்க. எங்கண்ணன் வூட்டாண்ட எடுத்ததுன்னேன். பொய்யி இல்லியே, இப்ப நீ அங்கதான கீற.

– அம்மா பாத்துச்சா?

– கண்ணாண்ட வெச்சு ரொம்ப நேரம் பாத்துச்சு. 'பலகைய அழகா எழுதியிருக்கான்'னுச்சு. அவ்ளோதான். உள்ள படுத்துக்கினு கீது. நைனா படத்தப் பாரு மொதல்ல.

– இது ஆபிரகாம் மாமாவா?

– ஆமா. மஞ்சக்காமாலைல போயிட்டாரு. பக்கத்துல நிக்குற ராஜம் அத்தை, பொண்ணோட திருப்பூர்ல கீது. வேண்டா அக்கா செங்கல்பட்டு ஆஸ்பத்திரில ஆயா வேலை. பலகைய அந்த மாசமே யாரோ புடுங்கி எரிச்சுட்டாங்க. நைனா போயி நாலு வருசம். நான் இங்கியே பால்வாடில கீறேன்.

– நைனாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல ஏன் இவ்ளோ எடம்? ஓராள் நிக்கலாம் போல இருக்கே.

– ஒனக்குத்தான். 'நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க'ன்னு ஸ்டூடியோக்காரரு கத்துனாரு, அம்மா நவுரல. இன்னிக்கு அந்தம்மா புதுசா ஒரு படம் புடிச்சாங்க. நைனா எடத்துல என்னை நிக்கச் சொல்லுச்சு அம்மா. ஒன் எடத்துல மட்டும் யாரையும் நிக்க வுடல.