கள்ளி மடலின் பளிங்குகள்

கள்ளி மடலில் முள்ளெடுப்பது பெரிய வேலையில்லை, டொக்டர். அடுப்புச் சுவாலையில் திருப்பிக் காட்டினால் சின்ன முட்கள் பொசுங்கிவிடும். பெரியவற்றைக் கத்தியால் சீவிவிடலாம். என் மகள் ஸனாவுக்கு ஒரு முள்கூடக் குத்தியதில்லை. அதில் நான் கவனமாக இருந்தேன்.

அவளுடைய சிறுநீரகத்துக்குள் இத்தனை பளிங்கு எப்படி வந்தது என்று நேற்றுக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

தொட்டியில் சப்பாத்திக் கள்ளியை நட்டவள் அவள்தான். வெளிநாட்டில் இளம் மடலைக் கறியாக்குகிறார்கள் என்று ஃபோனில் பார்த்திருக்கிறாள். "வாப்பா, இது திங்கலாமா, ஒருக்கா பாத்துச் செல்லுங்களே" என்றாள். கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் இருபத்தெட்டு வருடமாக ஊராருடைய சிறுநீரைப் பார்ப்பவன் நான். ஒரு மெல்லிய சீவலைக் கொண்டுபோய் நுணுக்குக்காட்டியில் வைத்தேன். பச்சைத் தசை முழுக்கக் கற்கண்டை நொறுக்கித் தூவியதுபோல் பளிங்குகள். கல்சியம் ஒட்சலேற்று. சிறுநீரகத்தில் கல்லாகிறதே, அதே சாமான். இளம் மடலாகப் பார்த்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டு, அளவோடு தின்றால் ஒன்றும் செய்யாது என்று அவளிடம் சொன்னேன். பொய் சொல்லவில்லை.

அடுத்த வாரம் தோஹாவில் ஒரு பாலர் பாடசாலையில் அவளுக்கு வேலை கிடைத்தது.

என் மனைவி கைரியா மௌத்தாகி ஒன்பது வருடம். திகன வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். அவள் பெட்டியை இறக்கித் தூசு தட்டிய நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் இருந்தால் எழும்பவேண்டும், எழும்பினால் கேற்றடிக்குப் போகவேண்டும், கேற்றைத் தொட்டதும் திரும்பவேண்டும். சோறு இறங்கவில்லை. ஆனால் போகாதே என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் மனதை நோகடிக்க எனக்கு வராது.

வெளிநாடு போக மெடிக்கல் எடுக்கவேண்டும். சிறுநீரில் கொஞ்சம் பழுது கண்டால் தள்ளிப்போடுவார்கள். நான் கேட்டது சில மாதங்கள்தான். முற்றிய மடலைத் தோலோடு அரைத்து, அவித்த தண்ணீரையும் அதிலேயே சேர்த்தேன். நோன்பு மாதமானது வசதியாகப் போயிற்று. விடியுமுன் ஸஹருக்குக் குடித்தாளென்றால் பொழுதுபட்டு மஃரிப் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. தாகம் எடுக்காது, குடி என்றேன். "என்ன வாப்பா, இவ்ளோ வழுவழுப்பா ஈக்குது" என்று முகத்தைச் சுளிப்பாள். பிறகு சிரிப்பாள். "நீங்க தந்தா கண்ண மூடிட்டுக் குடிப்பேன்."

மெடிக்கலில் தவறிவிட்டாள். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறு மாசத்துல திரும்ப எடுக்கலாமாம், வாப்பா" என்றாள்.

ஆகவே நான் நிறுத்தவில்லை. நோன்பு முடிந்த பிறகும் கொடுத்தேன். அவளுடைய கணுக்கால் வீங்கியதை அவளுக்கு முதலே கண்டவன் நான்தான். இரத்தத்தைக் கொண்டுபோய்ப் பார்த்ததும் நான்தான். எண்கள் எங்கே போய்க்கொண்டிருந்தன என்று எனக்குத் தெரியாமலில்லை. அறிக்கையில் நல்ல எண்களாக எழுதி அவள் கையில் கொடுத்தேன். நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் உங்களிடம் வருகிறோம். என் தோளில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் போட்டிருக்கும் நாலு மணித்தியாலமும் பக்கத்திலேயே இருப்பேன். எழும்பத் தோன்றாது. மனிதனுக்கு அப்படியொரு அமைதி வேண்டும், டொக்டர்.

என்னுடைய சிறுநீரகம் அவளுக்குப் பொருந்துகிறது என்று நேற்றுச் சொன்னீர்கள். அப்போதிலிருந்து மறுபடியும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பெற்றவன் நான், தரமாட்டேன் என்பேனா? பேனையும் கையில்தான் இருக்கிறது. கையெழுத்து வைக்குமுன் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

என் சிறுநீரகத்தை வைத்த பிறகு, அவளால் விமானம் ஏற முடியுமா?