கருவேலம்பட்டிக் குளத்துக் கலிங்கில் வெள்ளை வேட்டி வீசியது பற்றி

என் பெயர் அந்தோணிமேரி, வயது 46, காலஞ்சென்ற ஆரோக்கியமுத்துவின் மனைவி. ஆவூருக்குத் தெற்கே கருவேலம்பட்டியில் மாதா கோயில் தெருவில் குடியிருந்து விவசாயம் செய்து வருகிறேன். எங்கள் ஊர்க் குளத்தின் மீன்பாசிக் குத்தகைதாரர் உதயசூரியன் என்மீது கொடுத்த புகார் தொடர்பாகக் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் பின்வருமாறு சொல்கிறேன்.

எங்கள் வயல் கலிங்குக்குக் கீழே இருக்கிறது. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அந்தக் கலிங்கு வழியாகத்தான் ஓடைக்கு வழிய வேண்டும். அதை அடைத்தால் கரை தாங்காது. போன வருடம் உதயசூரியன், தண்ணீரோடு மீன் போய்விடக் கூடாது என்று கலிங்கின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி, அதற்கு மேல் நைலான் வலை கட்டினார். கார்த்திகை மழையில் பாசியும் ஆகாயத்தாமரையும் வலையில் அடைந்து, தண்ணீர் கரையின் தலைக்கு ஏறியது. என் கணவர் விடியற்காலையில் அதைப் பார்த்துவிட்டு வந்து உதயசூரியனுக்குப் போன் செய்தார். "ஒண்ணும் ஆகாதுண்ணே, பேசாம படுங்க" என்று அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்று நானும் கேட்டேன்.

அதன் பிறகு என் கணவர் தனியாகப் போய் மூட்டைகளை இழுத்துப் போட்டார். மூட்டை சரிந்ததும் தண்ணீர் அவரை வலைக்குள் இழுத்துக்கொண்டது. அதன் பிறகு மடையை ஒட்டிக் கரை உடைந்து குளம் வடிந்தது. வடிந்த பிறகுதான் அவர் வலையில் கிடப்பது தெரிந்தது. ஊர்க்காரர்கள் அரிவாளோடு போனபோது உதயசூரியன் கரையில் நின்றுகொண்டு, "வலைய அறுக்காம பதமா எடுங்கப்பா, புது வலை" என்றார். பதமாகத்தான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவர் கட்டியிருந்த வேட்டியைப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். அதன் பிறகு உதயசூரியன் இதே நிலையத்தில், மீன் திருட வந்தவர் தவறி விழுந்தார் என்று எழுதிக் கொடுத்தார். அந்த வழக்கு அப்படியே முடிக்கப்பட்டது.

உடைப்பை மண் கொட்டி மூடினார்கள். தண்ணீர் விட்டு இறுக்கவில்லை, கல் பதிக்கவில்லை. மார்கழி மழையில் குளம் பாதி நிறைந்தது. தையில் உதயசூரியன் மறுபடியும் மீன் குஞ்சு விட்டார். தீபாவளிக்குப் பிடிப்பதாக இருந்தார். இந்தப் புரட்டாசியில் அதே கலிங்கில் மறுபடியும் மூட்டை அடுக்கி, அதே வலையைக் கட்டினார். கிராம சபையில் சொன்னேன். யூனியன் ஆபீசில் மனு கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் பகுதியில் ஊர்த் தலைவரான அம்பலகாரர் குளத்தங்கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாரும் இறங்கி மீன் பிடிப்பது வழக்கம். பிடித்தது பிடித்தவருக்கு. இறங்கிவிட்டால் யாராலும் தடுக்க முடியாது. உதயசூரியன் குத்தகை எடுத்ததிலிருந்து அது நடக்கவில்லை. ஆகவே நான் சனிக்கிழமை சந்தைக்குப் போய், காய் விற்கும் பெண்களிடம், "நாளைக்குக் கருவேலம்பட்டிக் குளத்துல வெள்ளை காட்டுறாங்க" என்று மட்டும் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் முதல் பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்கவில்லை. மன்னிக்கும் எண்ணம் இல்லாமல் வாங்கக் கூடாது. அதன் பிறகு என் கணவரின் வேட்டியையும் ஓர் அரிவாளையும் எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். பைக்கிலும் மினி லாரியிலும் வந்த ஜனம் ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாகக் கரை நெடுக நின்றது. அம்பலகாரர் மதுரைவீரனும் வந்திருந்தார். என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னத்தா மேரி, வெள்ளை காட்டுறது எங்க குடும்பத்து வேலைல்ல?" என்று கேட்டார். "ஒரு வருசமா ஒங்க துண்டு தோள்லதானங்க கெடந்துச்சு. இன்னைக்கும் கெடக்கட்டும்" என்றேன். அவர் நகர்ந்து நின்றார். நான் கலிங்கின் மேல் ஏறி, என் கணவர் கிடந்த இடத்தில் நின்று வேட்டியை வீசினேன். எல்லாரும் இறங்கினார்கள். தண்ணீர் இடுப்பளவு இருந்தது.

அதன் பிறகு உதயசூரியன் ஓடி வந்து, "டேய், அது என் மீனுடா!" என்று கத்தினார். தண்ணீரிலிருந்து ஒருவர், "பேரு எழுதியிருக்காண்ணே? இருந்தா விட்டுர்றோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு அவர் என்னிடம் வந்தார்.

"யாரக் கேட்டு வெள்ளை காட்டுன?"

"நீங்க யாரக் கேட்டுக் கலிங்க அடைச்சீங்க?"

நான் அரிவாளை எடுத்து வலையை அறுக்கத் தொடங்கியதும், "மீன் போனாப் போகட்டும், வலைய விட்டுரும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "பதமாத்தான் அறுக்குறேன்" என்றேன். ஒரு முழம்கூடச் சேர்த்துத் தைக்க முடியாதபடி அறுத்தேன். மூட்டைகளைக் கிழித்து மணலை ஓடையில் கொட்டினேன். அவர் அங்கேயே நின்று பார்த்தார். அவர் பார்க்க வேண்டும் என்றுதான் நிதானமாகச் செய்தேன்.

கரையேறிய ஒருவர் ஒரு விராலை நீட்டி, "ஒங்களுக்குன்னு ஒண்ணு வேணாமாத்தா?" என்று கேட்டார். வாங்கவில்லை. என் கணவரும் அந்தக் குளத்து மீன் ஒன்றையும் எடுத்தவர் அல்ல.

அதன் பிறகு ஐப்பசி மழை பிடித்தது. கலிங்கில் தண்ணீர் தடையில்லாமல் வழிகிறது. கரை நிற்கிறது. உடைப்பை மூடிய மண் இன்னும் கசிகிறது என்பதையும் இதில் பதிய வேண்டும்.

சாட்சிப் பொருளாகக் கைப்பற்றிய வேட்டியை வழக்கு முடிந்ததும் எனக்குத் திருப்பித் தர வேண்டும். உதயசூரியனுக்கு அடுத்த வருடமும் குத்தகை இருக்கிறது.

இதை எழுதிய ஏட்டையா முழுவதும் படித்துக் காட்டினார். 'ஆத்திரத்தில் அறியாமல் செய்துவிட்டேன்' என்று அவராகச் சேர்த்திருந்த வரியை அடிக்கச் சொன்னேன். அடித்துவிட்டார். மீதி எல்லாம் நான் சொன்னது, நடந்தது.

(ஒப்பம்) ஆ. அந்தோணிமேரி