கண்டக்குழிக் கரையில் நான் அழுதது

மாலை வகுப்புக்கு நான் ஒருநாளும் பிந்திப் போனதில்லை, சேர். தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் தொடக்கம் அந்த வகுப்புத்தான்.

கற்பிட்டியில் வேலை முடிந்து வருகிறவர்களுக்கு அந்தோனிப்பிள்ளை மாஸ்டர் நடிப்புச் சொல்லித் தருகிறார். எனக்கோ மேடை இல்லாமல், சனங்களுக்கு நடுவிலேயே நிகழ்த்துவதில்தான் விருப்பம். ஒருநாள், நாநாவைக் கடலில் தொலைத்த தம்பியாக அழுது காட்டினேன். மாஸ்டர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

"றஸ்மி, உம்மட அழுகைக்கு ஒருத்தரும் கதிரையை விட்டு எழும்பமாட்டினம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது சரிதான். அன்றிலிருந்து கண்ணாடி முன் நின்று பழகினேன்.

எனக்குக் கூடப்பிறந்த நாநா இல்லை. ஒருவரை உண்டாக்க வேண்டியிருந்தது. முஸம்மில் என்று பெயர் வைத்தேன். இடது கையில் ஒரு தழும்பும் கொடுத்தேன். என்னைத் தெரியாத ஊர் வேண்டும் என்பதால் கண்டக்குழி. பிறகு சோளகக் காற்று பலமாக அடிக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன். கடல் அமைதியாக இருந்தால் யார் நம்புவார்கள்?

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளம் திரும்பவில்லை என்று யாராவது வந்து நின்றால், யாருடையது என்று பார்க்கமாட்டார்கள், காற்றையும் பார்க்கமாட்டார்கள். தேடப் போய்விடுவார்கள். அது எனக்குத் தெரியும்.

பின்னேரம் மணலில் விழுந்து அழுதேன். குறிஞ்சிப்பிட்டியிலிருந்து வள்ளத்தில் போன நாநா வரவில்லை என்றேன். பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த முத்தலிபுதான் முதலில் எழும்பினார். எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை நான் கவனித்தேன்.

அவருடைய மனைவி ரம்ஸியா கையைப் பிடித்தார். "காத்து கூடுது. போவாணாம்."

"நாளைக்கு நான் வராட்டி நீயும் இப்பிடித்தானே வந்து நிப்பாய்?" என்றவர் என் தோளைத் தட்டினார். "அழாதீங்க தம்பி. நாநாவோடதான் வருவன்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். யோசித்தேன். ஆனால் வள்ளங்களைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிறுத்தினால் எல்லாம் அரைகுறையாகிவிடும்.

மற்ற வள்ளங்கள் திரும்பின. அவருடையது மறுநாள் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை.

ரம்ஸியா என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. சோறு போட்டுத் தந்தார். துஆ கேட்கும்போது முஸம்மிலின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். பின்னேரங்களில் இருவரும் கரையில் நிற்போம். அவர் அழுவதில்லை, வெறுமனே கடலைப் பார்த்து நிற்பார். என் நடிப்பின் அடுத்த கட்டம் எனக்கு அப்போதுதான் புரிந்தது: இனி அழக்கூடாது, நிற்க வேண்டும். அவர் அருகில் நின்று அதைப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் பொலிஸ் ஆட்கள் வந்தார்கள்.

யாரோ போனில் எடுத்துப் போட்ட காணொளியில் என்னைக் கண்டு, மாஸ்டர்தான் உங்களிடம் நேரில் வந்து சொன்னாராமே. அப்படியென்றால் அவரும் கதிரையை விட்டு எழும்பியிருக்கிறார்.

நான் யாரையும் கடலுக்குப் போகச் சொல்லவில்லை, சேர். அழ மட்டும்தான் செய்தேன். ஒரேயொரு சந்தேகம் இன்னும் இருக்கிறது. முத்தலிபு வள்ளத்தில் இருந்து திரும்பிப் பார்த்துக் கையசைத்தாரே, அந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் கூடிவிட்டதோ?