குழாய் மாட்ட வந்தவன்

— மேடம், வெளிப்பக்கம் கொண்டி வுழுந்துகினு இருக்கு பாருங்க. பாத்ரூம் கதவு வரல.

— தானா விழல தம்பி. போட்டிருக்கேன்.

— எதுக்குங்க? குழாய் மாட்டி முடிச்சிட்டேன். தண்ணி வுட்டுப் பாக்கறதுதான் பாக்கி.

— நீ அங்கனயே இரு. உன் பேரு செங்குட்டுவன்தான?

— ஆமாங்க.

— ஊரு வடக்குத்துதான?

— ஆமாங்க.

— அப்ப நீதான். எதுத்த குவார்ட்டர்ஸ் சரிதா போன் பண்ணுனா. “தேவயானிக்கா, உங்க பாத்ரூம்ல வேல பாக்குத பையன் ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவனாம்லா”ன்னு கேக்கா. அதான் கொண்டியப் போட்டேன்.

— மூணு வருசம் இருந்தேங்க. கடலூர்ல.

— என்ன செஞ்ச?

— காணும் பொங்கலுக்கு ஒரு தகராறு. ஒருத்தருக்குக் கால் போயிடுச்சு.

— நீ வெட்டுனியா?

— வெட்டுனது வேற ஆளுங்க. நான் அவரப் புடிச்சிக்கினு இருந்தேன். நான் புடிக்கலன்னா அவரு ஓடியிருப்பாரு. அதனால ரெண்டும் ஒண்ணுதான்.

— இத வச்சுக்கிட்டா வாசல்ல நின்னு “வணக்கம் மேடம்”னு சொன்ன? வீட்டுல ஆம்பள இல்லாத நேரம்ப்பா இது.

— எங்க காண்ட்ராக்டர் கோபாலகிருஷ்ணன் அண்ணனுக்கு எல்லாம் தெரியுங்க. “போற வூட்லலாம் சொல்லிக்கினு நிக்காதடா, குழாயப் பாத்துட்டு வா”ன்னாரு. வேற எங்கயும் எனக்கு வேல குடுக்கல. மைன்ஸ் காண்ட்ராக்ட்டுக்குப் போனா கேஸு இருக்கானு கேக்கறாங்க.

— அதெல்லாம் எனக்குத் தெரியாது.

— மேடம், போன் போட்ட சத்தம் கேட்டுச்சு. யாருக்குப் பண்ணீங்க?

— எங்க வீட்டுக்காரங்களுக்கு. ஷிப்ட்ல இருக்காங்க, எடுக்கல. சரிதா வீட்டுக்காரர் அருண்பிரசாத் வாராரு. பிளாக்ல நாலஞ்சு பேரக் கூட்டிக்கிட்டு.

— நாலஞ்சு பேரா?

— ஏன்?

— போலீசக் கூப்புட்டிருக்கலாங்க.

— என்ன சொல்லுத நீ? யாராவது போலீசக் கூப்பிடச் சொல்லுவாங்களா?

— போலீஸ் பேர் கேப்பாங்க. கும்பலா வரவங்க கேக்க மாட்டாங்க. போன தீவாளிக்கு ஒரு கடைல செல்போன் காணோம்னு என்னப் புடிச்சாங்க. நான் அந்தப் பக்கம் டீ குடிச்சிக்கினு நின்னேன், அவ்ளோதான். சாயந்தரம் செல்போன் கடக்காரர் வூட்லயே கெடந்துச்சாம். எனக்கு முன்பல்லு ரெண்டு போயிடுச்சு.

— அதான் வாயப் பொத்திக்கிட்டுப் பேசுனியா காலையில?

— ஆமாங்க. பல்லில்லாதவனப் பாத்தா ஜனங்க ஒரு மாதிரி பாக்கறாங்க.

— நான் யாரையும் அடிக்கச் சொல்லல, பாத்துக்கோ.

— தெரியுங்க.

— உள்ள என்ன சத்தம்? ஏய், என்ன செய்யுத?

— சாமானத் தரையில வைக்கறேங்க. கதவு தொறக்கும்போது கையில ரெஞ்சு இருந்தா அதத்தான் பாப்பாங்க. ஸ்க்ரூ டிரைவரு, ஆக்சா பிளேடு ரெண்டையும் கதவுக்குக் கீழ தள்ளுறேன். எடுத்துக்குங்க. ரெஞ்சு தடிமன், வராது. ஜன்னல் மேல வச்சிடறேன்.

— வந்துட்டு. எடுத்துட்டேன்.

— பயப்படாதீங்க மேடம்.

— உனக்கு ஏன் மூச்சு இப்படி வாங்குது?

— வெளிய பூட்டுனா இப்படித்தாங்க. ஜெயில்லேருந்து வந்ததுலேருந்து இருக்கு. எங்க வூட்ல கதவ ஒருக்களிச்சு வச்சுகினுதான் படுப்பேன். எங்கம்மா கொசு வருதுன்னு திட்டும்.

— வயசு என்ன ஒனக்கு?

— இருபத்திமூணு.

— இந்த பிளேட வச்சுக்கிட்டு என்ன செய்யன்னே தெரியல.

— கீழ வச்சிடுங்க. கைய வெட்டிடும்.

— தம்பி, நான் தொறந்து விடுதேன். அடுக்களை வழியா பின்பக்கம் போயிரு. அவங்க வாரதுக்குள்ள.

— ஓட மாட்டேன்க்கா. ஓடுனா, எதையோ எடுத்துக்கினு ஓடுனான்னு ஆயிடும். நாளைக்கு காண்ட்ராக்டர் அண்ணன் என்ன எந்த வூட்டுக்கும் வேலைக்கு அனுப்ப மாட்டாரு.

— வண்டிச் சத்தம் கேக்கு. வந்துட்டாங்க. இந்தா, கொண்டிய எடுத்துட்டேன். வெளிய வா, எம் பக்கத்துல நில்லு. ஏன், கதவு வரல?

— உள்ள தாப்பா போட்டுருக்கேங்க.

— எப்பப் போட்ட?

— நாலஞ்சு பேருன்னு சொன்னீங்களே, அப்ப.

— ஐயோ. தொறப்பா.

— பயமா இருக்குக்கா.

— ஏனுங்க தேவயானிக்கா, முன்கதவத் தொறந்து போட்டுட்டு இங்க நின்னுட்டிருக்கீங்க? பையன் எங்கீங்க?

— உள்ளதான் இருக்கான் அருண்பிரசாத். கையில உள்ள அந்தக் கட்டைய வெளிய போட்டுட்டு வாங்க.

— தள்ளிக்கங்கக்கா. கொண்டி தொறந்துதான கெடக்குது, கதவு வர மாட்டீங்குது. உள்ள தாப்பா போட்டுட்டானுங்களா? டேய், வாங்கடா, ஒடச்சரலாம்.

— ஒடைக்காதீங்க. நீங்க எல்லாரும் போறவரைக்கும் தொறக்காதன்னு நான்தான் அவன்ட்ட சொல்லியிருக்கேன்.